யானைக்கு எத்தனை சென்ட்

எத்திராஜுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. அளந்து முடித்தவை, இன்னும் அளக்காதவை. சித்தூர் சர்வே ஆபீசில் பதினேழு வருடம் சங்கிலி இழுத்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் எத்தனை லிங்க் என்று கண்ணாலேயே போட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார். லிங்க் என்பது சர்வே சங்கிலியின் ஒரு கண்ணி. நூறு லிங்க் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். இந்த மூன்று கணக்கும் தெரிந்தால் போதும், எத்திராஜோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம்.

சொந்த ஊர் புத்தூருக்குக் கிழக்கே. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பாகம் பிரிக்கச் சர்வேயர் வந்தபோது, சங்கிலியின் ஒரு முனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். பிடித்தவர் விடவில்லை, அப்படியே சர்க்காரோடு போய்விட்டார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சர்க்கார் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் முழுசாக இல்லை. பதினேழு வருடமும் டெம்பரவரி. வருடத்துக்கு ஒருநாள் வேலையை விட்டு நிறுத்துவார்கள், மறுநாள் புதிய ஆளைப்போல எடுப்பார்கள். அந்த ஒருநாளில் எத்திராஜ் முடிவெட்டிக்கொள்வார்.

பர்மனென்ட் ஆனால் பென்ஷன் உண்டு. அவர் மனைவி வரலட்சுமிக்கு அந்தப் பென்ஷன் மேல்தான் உயிர். "சங்கிலி புடிச்சவன் கை எத்தினி நாளு ஓடும்? அப்பறம் இன்னாத்த துன்றது?" என்பாள். நியாயமான கேள்விதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஒருவழியாக அவர் பெயர் பர்மனென்ட் பட்டியலில் ஏறியது. கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த வருடம்தான் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு யானை வந்து சேர்ந்தது.

யானை நேரில் வரவில்லை, காகிதத்தில் வந்தது. நரசிங்கமேட்டு ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு ஆறு வருடம் கழித்து, அரண்மனைச் சாமான்களுக்கு ஜாபிதா எடுத்தார்கள். அதில் கண்ணாடி பீரோ இரண்டு, பித்தளை அண்டா ஏழு என்பதற்கு நடுவே பெண் யானை ஒன்று இருந்தது. பீரோவை யார் வீட்டுக்கோ கொண்டுபோனார்கள். அண்டா ஏழும் ஐந்தாகிக் கஜானாவுக்குப் போயின. யானையை யாரும் கொண்டுபோகவில்லை. அதனால் அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய நான்கு அதிகாரிகளைக் கொண்ட ஒரு கமிட்டி போட்டார்கள்.

கமிட்டி முதலில் கேட்டது யானைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை. 'யானை அனுபவிக்கும் இடத்தை அளந்து அனுப்பவும்' என்று சர்வே ஆபீசுக்கு உத்தரவு வந்தது. சர்வேயர்கள் அத்தனை பேரும் எல்லைப் பிரச்சினையில் மாட்டியிருந்தார்கள். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று தீர்ப்பு ஆகி, ஊர் ஊராகக் கல் பார்த்துக்கொண்டிருந்த சமயம். தலைமைச் சர்வேயர் சிவசங்கரன் உத்தரவைப் படித்துவிட்டு எத்திராஜைக் கூப்பிட்டார்.

"ஏம்பா எத்திராஜு, நரசிங்கமேட்டுல ஒரு யானை கீதாம். அது கீற எடத்த அளந்துக்கினு வா."

"ஃபீல்டு நம்பர் எது ஐயா?"

"யானைக்கு ஏதுய்யா ஃபீல்டு நம்பர்? போய் அளந்துட்டு வா."

எத்திராஜ் போனார். அரண்மனைக்குப் பின்னால் கருங்கல் பாவிய லாயத்தில் கங்கா என்கிற அந்த யானை ஒருக்களித்துப் படுத்திருந்தது. பாகனின் பெண்சாதி ரத்னம்மா அதன் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகத்துக்கு வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். பாகன் இறந்து நான்கு வருடம். சம்பளம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. யாரும் போகச் சொல்லாததால் அவளும் போகவில்லை, யானையும் போகவில்லை.

எத்திராஜ் ஒரு வார்த்தை பேசாமல் சங்கிலியை விரித்தார். நெற்றி மேட்டிலிருந்து வால் வரை பதினெட்டு லிங்க். முதுகிலிருந்து கால் நுனி வரை பன்னிரண்டு லிங்க். கங்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கிணறு என்றால் கிணறு இருக்கிற இடம், சமாதி என்றால் சமாதி இருக்கிற இடம், அளக்கிற நாளில் எது எங்கே இருக்கிறதோ அதுதான் அளவு. பதினேழு வருடமாக அப்படித்தான் அளந்தார், ஒரு கிணறும் இதுவரை எழுந்து நடந்ததில்லை. இருநூற்றுப் பதினாறு சதுர லிங்க், அதாவது கால் சென்ட்டுக்கும் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே மறந்தும் போனார்.

கமிட்டி மறக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதற்குள் மூன்று இடங்களை அலசியிருந்தார்கள். ஐதராபாத்துக்கு அனுப்பலாம் என்றார் ஒருவர். அங்கே மார்கழிக் குளிர் தாங்காது, யானைக்குக் கம்பளி வேண்டும், அந்த அகலத்துக்குக் கம்பளி நெய்ய யாருக்கு டெண்டர் விடுவது என்று இன்னொருவர் கேட்டார். ரயில் வேகன் செலவு வேறு. இருக்கிற இடத்திலேயே விடலாம் என்ற யோசனை வந்தவுடனே போய்விட்டது. அங்கே விட்டால் செலவே இல்லை. செலவில்லாத காரியத்துக்குக் கமிட்டி எதற்கு என்று மேலே கேட்டால் யார் பதில் சொல்வது? மிஞ்சியது திருப்பதி. மலையடிவாரத்தில் புதிதாக ஒரு பூங்கா போடுகிறார்கள். மலை ஏறுகிற ஜனம் யானையையும் பார்த்துவிட்டுப் போகும். அங்கே காலி இடம் நாற்பதுக்கு முப்பது அடி இருந்தது.

நாற்பதுக்கு முப்பது என்றால் இரண்டே முக்கால் சென்ட். சர்வே அளவின்படி யானை அனுபவிப்பதைப்போல ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. இவ்வளவு தாராளமாக இந்த ஜில்லாவில் மனிதருக்கே இடம் கொடுத்ததில்லை என்று ஒருவர் சொன்னார். அது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

இடத்துக்குக் கல் நட்டு எல்லை காட்ட எத்திராஜையே அனுப்பினார்கள். சித்திரை மாதம், உச்சி வேளை. பாறையைக் கொத்திச் சமன்படுத்தியிருந்தார்கள். மூன்று பக்கம் சுவர், ஒரு மரம் இல்லை. தண்ணீர் வண்டியில் வரும் என்றார்கள். எத்திராஜ் சங்கிலியைத் தரையில் போட்டு மறுமுனையைக் கட்டப் போய்விட்டு வந்து எடுத்தார். எடுத்தவர் கையை உதறினார். உள்ளங்கையில் கண்ணிகளின் அச்சு சிவப்பாக விழுந்திருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். அன்றைக்குச் செருப்பு அறுந்திருந்ததால் வெறுங்காலோடு வேறு நின்றார். நிற்க முடியவில்லை. இந்தக் காலைத் தூக்கி அந்தக் காலை வைத்து, அந்தக் காலைத் தூக்கி இந்தக் காலை வைத்து நாற்பது அடியை அளந்து முடிப்பதற்குள் கொப்புளம் கண்டுவிட்டது. அளந்த பிறகு நான் பஸ் ஏறிப் போய்விடுவேன், அது எங்கே போகும் என்று அவருக்குத் தோன்றியது. வேலை நேரத்தில் இப்படி ஏதாவது தோன்றுவது அவருக்கு அதுவே முதல் தடவை.

ஊர் திரும்புகிற வழியில் நரசிங்கமேட்டில் இறங்கினார். யானையை அடுத்த மாதம் திருப்பதிக்குக் கொண்டுபோவார்கள் என்ற நோட்டீசை ரத்னம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எத்திராஜே படித்தார், பாறை மேல் கட்டிய இடம், யானை அனுபவிப்பது கால் சென்ட் என்பது உட்பட. அவள் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"கால் சென்ட்டா? யாரு சொன்னது?"

எத்திராஜ் நோட்டீசை மடித்தார். "நாந்தான் அளந்தேன்."

"நீயா? அன்னிக்கு வந்து, வாயத் தொறக்காம சங்கிலியப் போட்டுட்டு போனியே, அதுவா?" ரத்னம்மா எழுந்தேவிட்டாள். "ஏன் சர்வேயரே, ஒன் வூட்டுக்கு வந்து நீ படுத்துக்கினு கீறப்போ பாய அளந்துட்டு, இவனுக்கு இது போதும்னு எழுதிக்கினு போனா ஒத்துக்குவியா?"

சர்வேயர் இல்லை, வெறும் சங்கிலி ஆள்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

"ஜமீந்தாரு எட்டு வருசம் இந்தக் கல்லு மேலயே நிக்க வெச்சாரு. நகமெல்லாம் பொளந்துக்கினு சீழு வடிஞ்சிது. ஜமீன் போனதும் தீனி வாங்க வழியில்லாம எங்கூட்டுக்காரரு அவுத்து வுட்டாரு. ஏரிச் சேத்துல நடந்து நடந்துதான் அவ காலு ஆறிச்சி. இப்பவும் சாயங்காலம் ஒரு நாழி எண்ணெ போட மட்டுந்தான் இங்க வருவா. மறுபடியும் கொண்டுபோயி பாறை மேல நிறுத்துனா ரெண்டு வருசம் தாங்கமாட்டா. சீக்குல வுழுந்த யானைய தூக்கி நிறுத்த ஆளு கெடையாது."

எத்திராஜ் தன் கொப்புளத்தைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. பதினேழு வருடத்தில் அவர் அளவு தப்பு என்று யாரும் சொன்னதில்லை. இப்போதும் அளவு தப்பில்லை. அளந்ததுதான் தப்பு. ஒரு உயிரைப் பாறையில் நிறுத்திச் சாகடிக்கப் போகிற காகிதத்தில் அவர் கையெழுத்து இருந்தது.

சர்வேயில் ஒரு வழி உண்டு. போட்ட அளவை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர்கள் ஆட்சேபணை சொன்னால் மறு அளவு செய்யலாம். அனுபவம் என்றால் பட்டா இல்லை. எங்கே உழுகிறான், எங்கே மாடு கட்டுகிறான், எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறான் என்று பார்த்து அளப்பது. உத்தரவிலேயே 'அனுபவிக்கும் இடம்' என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லை சிவசங்கரன் வாய்விட்டுச் சொல்லவில்லை, எத்திராஜ் படிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது எத்திராஜ் சங்கிலியோடு வந்து நின்றார். சங்கிலிக்கு இரண்டு ஆள் வேண்டும். ரத்னம்மா மறுமுனையைப் பிடித்தாள். கங்கா இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்குக் கிளம்பியது. முதலில் புளியந்தோப்பு. பிறகு மண்மேடு, அங்கே அரைமணி நேரம் புழுதியை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. பிறகு கோரைப்புல். பிறகு ஏரி.

"இன்னா ரத்னம்மா, எப்பவும் இப்டித்தான் போவுமா?"

"எப்பவும் இப்டித்தான். மழக்காலத்துல இன்னும் தூரம் போவா. நீ சங்கிலிய இறுக்கிப் புடி, தொவளுது பாரு."

பதினேழு வருடத்தில் அவர் சங்கிலி துவளுகிறது என்று சொன்ன முதல் ஆள் அவள். எத்திராஜ் இறுக்கிப் பிடித்தார். லத்தி கிடந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி, அது நின்று தின்ற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனார். மத்தியானம் ஏரியில் அது முழுகிக் கிடந்தபோது இருவரும் கரையில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். தும்பிக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதன் சந்தோஷத்தை அளக்க முடியாது என்பது எத்திராஜுக்குக் கொஞ்சம் குறையாகவே இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது சுற்று நானூற்றுப் பத்து சங்கிலி, ஐந்து மைலுக்கு மேல். உள்ளே அடங்கிய நிலம் இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எத்திராஜ் கங்காவை 'அது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. லாயமும் புளியந்தோப்பும் நரசிங்கமேட்டைச் சேர்ந்தவை. ஏரியும் கோரைப்புல்லும் பக்கத்து ஊரான புல்லேரியைச் சேர்ந்தவை. நரசிங்கமேடு ஆந்திராவில் நிற்கிறது. புல்லேரி மெட்ராசுக்குப் போகிற பட்டியலில் இருந்தது. எத்திராஜ் வரைபடத்தில் ஊர் எல்லையை ஒழுங்காகப் புள்ளிக்கோடாகப் போட்டார். கங்காவின் அனுபவம் அந்தக் கோட்டை நான்கு இடத்தில் தாண்டியது. அதையும் ஒழுங்காகப் போட்டார்.

சிவசங்கரன் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னாய்யா இது? ஆந்திரா சர்க்கார் யானை, மெட்ராஸ் ராஜ்யத்துல தொண்ணூறு ஏக்கர் அனுபவம் பண்ணுதுன்னு எழுதிக்கிற! இது மேல போனா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியாது ஐயா. அளந்தா அப்டித்தான் வருது."

"அப்ப முன்ன குடுத்த அளவு?"

"தப்பு ஐயா. கூடவே எழுதி வெச்சிக்கிறேன்."

சிவசங்கரன் இரண்டாவது காகிதத்தைப் பிரித்தார். 'யானை படுத்திருந்தபோது, அதன் அனுபவத்தை விசாரிக்காமல் அளந்தது என் பிழை' என்று எத்திராஜ் தன் கைப்பட எழுதியிருந்தார். சிவசங்கரன் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"எத்திராஜு, ஒன் பர்மனென்ட் ஆர்டரு கையெழுத்துக்கு வெச்சிக்கிறாங்க. இன்னிக்கோ நாளைக்கோ ஆயிடும். இந்தக் காயிதத்த நான் வாங்கினேன்னு வெய்யி, 'அளவில் பிழை'ன்னு ஒன் பேருக்கு நேரா ஏறிடும். அப்பறம் ஜென்மத்துக்கும் ஆவாது. பதினேழு வருசம்யா. ஒரு மாசம் பொறுத்துக் குடேன்."

"ஒரு மாசத்துல அவளக் கொண்டுபோயிடுவாங்க ஐயா."

"யானைக்கோசரமா?"

எத்திராஜின் கண்முன் வரலட்சுமியின் முகம் வந்தது. அதை நினைத்தால் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடத் தோன்றும் என்று, உள்ளங்கையில் இன்னும் போகாமல் இருந்த சங்கிலி அச்சைப் பார்த்துக்கொண்டார். "குடுத்துட்டேன் ஐயா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்து, புங்கமரத்தடியில் யாருக்கும் தெரியாமல் அழுதார். தைரியசாலிகள் அழமாட்டார்கள் என்று யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள். எத்திராஜுக்கு அது தெரியாது.

இரண்டு காகிதமும் மேலே போயின. கமிட்டி வரைபடத்தைப் பார்த்தது. இதை ஒத்துக்கொண்டால் யானைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் கொடுக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாமல் ஏரியை விட்டுக்கொடுத்தால், எல்லை விவகாரத்தில் சர்க்கார் தன் அனுபவத்தைத் தானே கைவிட்டதாக ஆகும். அனுபவத்தைக் கைவிட்டது யார் என்று கேட்டால் நான்கு பெயர்களைச் சொல்ல வேண்டும். யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஃபைலை எல்லைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எல்லைப் பிரிவு, யானை தங்கள் வேலையில் வராது என்று திருப்பி அனுப்பியது. 'இறுதி முடிவு வரும்வரை யானை இப்போதுள்ள நிலையிலேயே இருக்கட்டும், பராமரிப்பவளுக்குத் தினக்கூலி கொடுக்கலாம்' என்று ஒரு தற்காலிக உத்தரவு வந்தது. திருப்பதியில் பாறைமேல் கட்டிய சுவருக்குள் கொஞ்ச நாள் மயில் வைத்திருந்தார்கள். அது பறந்துபோய்விட்டது.

எத்திராஜின் பர்மனென்ட் ஆர்டரும் திரும்பி வந்தது. சிவசங்கரன் சொன்ன இடத்தில், சொன்ன வார்த்தையே இருந்தது. வரலட்சுமி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் சோறு போடும்போது, "அந்த யானைய நான் ஒரு தபா பாக்கணும்," என்றாள். கூட்டிக்கொண்டு போனார். கங்கா ஏரியில் குளித்துவிட்டு வெளியே வருவதை அவள் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் கீறா," என்று சொன்னாள். அதற்குப் பிறகு பென்ஷன் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எத்திராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அறுபதாம் வருடம் ஏப்ரல் ஒன்றாம் தேதி புல்லேரி மெட்ராசுக்குப் போனது. அன்று காலை எட்டு மணிக்குக் கங்காவும் வழக்கம்போல மெட்ராசுக்குப் போனாள், சாயங்காலம் ஆந்திராவுக்குத் திரும்பினாள். இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவே எத்திராஜ் நட்ட எல்லைக் கல்லில் முதுகைச் சொரிந்துகொள்வாள். கல் சாயும். எத்திராஜ் வந்து நிமிர்த்துவார்.

தற்காலிக உத்தரவு என்பதால் வருடத்துக்கு ஒருமுறை 'யானையின் தற்போதைய நிலை என்ன' என்று கேட்டு ஒரு கடிதம் வரும். தற்காலிக ஊழியர் என்பதால் எத்திராஜைத்தான் அனுப்புவார்கள். போய், ஒருநாள் முழுக்கக் கங்காவின் பின்னால் நடந்துவிட்டு வந்து, 'அனுபவத்தில் மாறுதல் இல்லை' என்று எழுதுவார். பன்னிரண்டு வருடம் அப்படி எழுதினார். இதற்குள் மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. சிவசங்கரன் ஓய்வு பெற்றார். ஃபைல் மட்டும் அப்படியே இருந்தது.

எழுபத்தொன்றில், தை மாதம், கடிதம் வருவதற்கு முன்பே ஆள் வந்தது. கங்கா மண்மேட்டில் விழுந்து இறந்துகிடந்தாள். வயது அறுபதுக்கு மேல். அந்த வாரம்வரை ஏரிக்குப் போய் வந்திருக்கிறாள். அவளைப் புதைக்கச் சர்க்கார் நிலத்தில் எவ்வளவு இடம் எடுப்பது என்று தாசில்தார் அந்த ஆளிடமே சித்தூருக்குக் கேட்டு எழுதி அனுப்பியிருந்தார். பழைய ஃபைலைத் தேடி எடுத்த குமாஸ்தா, முதல் காகிதத்தில் இருந்த அளவைப் பார்த்து, அதன்படி செய்யலாம் என்று அப்போதே பதில் எழுதிவிட்டார்.

எத்திராஜ் சங்கிலியோடு போனார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது, அதுவும் பென்ஷன் இல்லாத ஓய்வு. கங்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கால் நகங்கள் எல்லாம் சுத்தமாக, விரிசல் இல்லாமல் இருந்தன. ரத்னம்மா கேட்காமலே மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் இறுக்கிப் பிடித்து அளந்தார்கள். நெற்றி மேட்டிலிருந்து வால் வரை பதினெட்டு லிங்க். முதுகிலிருந்து கால் நுனி வரை பன்னிரண்டு லிங்க்.

எத்திராஜ் நோட்டைத் திறந்தார். எழுத முடியவில்லை.

"எழுதிக்கோ எத்திராஜு," என்றாள் ரத்னம்மா. "அன்னிக்கு நீ அளந்தது இதத்தான். பதிமூணு வருசம் முன்னாடியே வந்துட்ட."